கிரேட் புக்ஸ் ஆனர்ஸில் சேரப்போகிறீர்களா? முதல் ஆண்டுக்கான வழிகாட்டி

ஆனர்ஸ் என்றால் கூடுதலாக இரண்டு கடினமான பாடம், கடைசியில் ஒரு ஆய்வுக் கட்டுரை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு அமெரிக்காவின் சில கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களில் சேருகிறவர்களுக்கு முதல் வாரமே ஹோமரின் இலியட் கைக்கு வந்துவிடும். பாடப்புத்தகம் கிடையாது. விரிவுரையும் பெரும்பாலும் கிடையாது. ஒரு மேசையைச் சுற்றிப் பதினைந்து இருபது பேர் உட்காருவார்கள், ஆசிரியர் ஒரு கேள்வியை வைப்பார், அப்புறம் மணிக்கணக்கில் மாணவர்கள்தான் பேச வேண்டும். அடுத்து பிளேட்டோ, அரிஸ்டாட்டில், வெர்ஜில், அகஸ்டின், அக்வினாஸ், தாந்தே, லூதர், மில்டன், தஸ்தாயெவ்ஸ்கி என்று வரிசையாக வரும், நடுநடுவே பைபிள். இதைத்தான் கிரேட் புக்ஸ் படிப்பு என்கிறார்கள். நான் அப்படி ஒரு மேசையில் உட்கார்ந்து படித்த ஆள். இப்போது சேரப்போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளை வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில், எந்த மாதிரி இடம் என்று பாருங்கள்

எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை இல்லை. கலிபோர்னியாவில் லா மிராடாவில் இருக்கும் பயோலா பல்கலைக்கழகத்தின் டோரி ஆனர்ஸ் கல்லூரி 1996-ல் தொடங்கியது. அங்கே கணக்கோ சினிமாவோ நர்சிங்கோ எதை முதன்மைப் பாடமாக எடுத்தாலும், எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் பாடங்களுக்குப் பதிலாக இந்த நூல்களைப் படிக்கலாம். டெக்சஸில் வேக்கோ நகரில் இருக்கும் பேய்லர், பாப்டிஸ்ட் பின்னணி கொண்ட பெரிய பல்கலைக்கழகம். அங்கே ஆனர்ஸ் கல்லூரிக்குள் கிரேட் டெக்ஸ்ட்ஸ் என்பதையே முதன்மைப் பாடமாக எடுக்க முடியும். கத்தோலிக்கப் பக்கம் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் 1950-லிருந்து இப்படி ஒரு துறை நடக்கிறது. கலிபோர்னியாவின் தாமஸ் அக்வினாஸ் கல்லூரி 1971-ல் தொடங்கியபோதே கல்லூரி முழுவதையும் இப்படி வைத்துவிட்டது: அங்கே ஆனர்ஸ் என்று தனியாக ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் ஒரே படிப்பு, யூக்ளிடின் வடிவியல்கூட மூல நூலிலிருந்துதான்.

இந்த முறை சபைகளில் பிறந்ததும் இல்லை. 1920-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் எர்ஸ்கின் தொடங்கிய ஆனர்ஸ் வகுப்பு, பிறகு சிகாகோ, 1937-ல் அனாபொலிஸில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி என்று வளர்ந்த வழக்கத்தைத்தான் கிறிஸ்தவக் கல்லூரிகள் பின்னால் எடுத்துக்கொண்டன.

சேர்க்கை அலுவலகத்தில் கேட்க வேண்டியவை சில. இந்தப் படிப்பு பொதுப் பாடங்களுக்குப் பதிலாக வருகிறதா, அவற்றோடு கூடுதலாக வருகிறதா? இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், ஏனென்றால் கூடுதல் என்றால் உங்கள் நான்கு ஆண்டும் இறுக்கமாகிவிடும். என் முதன்மைப் பாடத்தின் லேப் நேரம் இதன் அமர்வு நேரத்தோடு மோதுமா? ஸ்காலர்ஷிப் தக்கவைக்க எவ்வளவு சராசரி வேண்டும்? நடுவில் விலகினால் முடித்த பாடங்கள் எதற்குக் கணக்காகும்? அப்புறம் நூல் பட்டியலை முழுதாக வாங்கிப் பாருங்கள். சில இடங்களில் 19-ஆம் நூற்றாண்டோடு நின்றுவிடும், சில இடங்களில் பெண் எழுத்தாளர்களும் ஐரோப்பாவுக்கு வெளியே எழுதியவர்களும் இருப்பார்கள், சில இடங்களில் தேட வேண்டியிருக்கும். பட்டியல் உங்களுக்கு முழுக்கச் சரியாகப் படவில்லை என்றால் சேரக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எதற்குள் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும்.

வீட்டில் "இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதன்மைப் பாடத்தை வேறாக வைத்துக்கொள்ள விடும் இடம் என்றால் பதில் சுலபம், கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டம் பட்டமாகவே இருக்கும். இதையே முதன்மைப் பாடமாக எடுக்கப்போகிறீர்கள் என்றால், அதற்கப்புறம் சட்டமா, ஆசிரியப் பணியா, இறையியலா, மேற்படிப்பா என்று பெற்றோரோடு உட்கார்ந்து முன்பே பேசிவிடுங்கள்.

சேருவதற்கு முந்தைய கோடையில்

நிறையப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்று பதற வேண்டாம். இரண்டு காரியம் போதும். ஒன்று, ஆதியாகமம், யாத்திராகமம், யோவான், ரோமர் இந்த நான்கையும் ஒவ்வொன்றாக ஒரே மூச்சில், கதை படிப்பதுபோல் படியுங்கள். ஞாயிறு பள்ளியிலிருந்தே வசனம் வசனமாகப் படித்துப் பழகியவர்களுக்கு ஒரு புத்தகம் முழுசாக எப்படிப் போகிறது என்பது தெரியாமலே இருக்கும். இரண்டு, சபைப் பிதா அத்தனாசியுஸ் எழுதிய ‘வார்த்தை மாம்சமானது பற்றி’ என்ற நான்காம் நூற்றாண்டு நூல். ஆங்கிலத்தில் சின்னப் புத்தகம்தான். 1944-ல் வந்த மொழிபெயர்ப்பு ஒன்றுக்கு சி.எஸ். லூயிஸ் முன்னுரை எழுதியிருக்கிறார். ஒரு புதிய புத்தகம் படித்தால் அடுத்ததைப் படிக்கும் முன் ஒரு பழைய புத்தகம் படி, அது முடியாவிட்டால் மூன்று புதியதுக்கு ஒரு பழையதாவது படி என்று அதில் சொல்கிறார். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கும், நம் காலத்தின் குருட்டுப் புள்ளியை வேறு காலத்து ஆட்கள்தான் காட்ட முடியும் என்பது அவர் தரும் காரணம். நான்கு ஆண்டுப் படிப்புக்கு அதைவிட நல்ல அறிமுகம் எனக்குத் தெரியாது.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கில வேகம் குறைவாக இருப்பது இந்தப் படிப்பில் நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரிய குறை இல்லை. வேகமாகப் படிக்கிறவர்கள்தான் பிளேட்டோவில் வழுக்கி விழுகிறார்கள். தஸ்தாயெவ்ஸ்கியின் கரமாசவ் சகோதரர்கள் தமிழில் இருக்கிறது, கோடையில் தமிழில் ஒரு முறை படித்துவிட்டால் பெயர்களும் உறவுகளும் மனதில் நின்றுவிடும். பிறகு வகுப்புக்கு ஆங்கிலத்தில் படிக்கும்போது கருத்தை மட்டும் கவனிக்கலாம்.

பதிப்பு, எண்கள், பென்சில்

வகுப்பு சொல்லும் அதே மொழிபெயர்ப்பை வாங்குங்கள். பழைய பிரதி போதும், கிழிசலாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் அதே பதிப்பு. மேசையில் ஒருவர் ஒரு வரியைச் சொன்னதும் மற்ற எல்லோரும் அந்த இடத்துக்குப் போக வேண்டும். நீங்கள் மட்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த நூறு வருடத்துக்கு முந்தைய மொழிபெயர்ப்பில் தேடிக்கொண்டிருந்தால் பேச்சு உங்களைத் தாண்டிப் போய்விடும். இலியடுக்கு ரிச்மண்ட் லாட்டிமோரின் மொழிபெயர்ப்பு கிரேக்க மூலத்தின் வரிகளை ஒட்டியே போகும். ராபர்ட் ஃபேகல்ஸின் மொழிபெயர்ப்பு படிக்கச் சரளமானது, ஆனால் அதன் வரி எண்கள் மூலத்தோடு பொருந்தாது. இரண்டும் நல்லவை, வகுப்பில் எது என்பதுதான் கேள்வி.

பிளேட்டோவின் ஓரத்தில் ஓடும் எண்கள் 1578-ல் ஆன்ரி எஸ்தியென் அச்சிட்ட பதிப்பின் பக்க எண்கள். எந்த மொழிபெயர்ப்பை எடுத்தாலும் ‘குடியரசு’ நூலின் குகை உவமை 514-ல்தான் தொடங்கும். அரிஸ்டாட்டிலுக்கு பெக்கர் என்பவர் பதிப்பின் எண்கள் அதே வேலையைச் செய்கின்றன. முதல் நாளிலிருந்தே குறிப்பில் பக்க எண்ணை எழுதாமல் இந்த எண்களை எழுதப் பழகிவிடுங்கள், கட்டுரை எழுதும் இரவில் உங்களுக்கு நீங்களே நன்றி சொல்வீர்கள்.

பென்சிலால் கோடு போடுவது எல்லோரும் செய்வது. கோடு மட்டும் போட்டால் ஒரு வாரம் கழித்து ஏன் போட்டோம் என்று தெரியாது. ஓரத்தில் நாலு வார்த்தை எழுதுங்கள்: "இங்கே ஏன் திடீரென்று கோபம்?", "முன்பு வேறு மாதிரி சொன்னாரே". ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு என்ன நடந்தது என்று மூன்று வரியில் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம், திரும்பப் போங்கள். சுருக்கங்களையும் ஏஐ தரும் விளக்கத்தையும் முதலில் பார்க்காதீர்கள். ஒழுக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. யாரோ சொன்ன பதிலை வாங்கிக்கொண்டு நூலுக்குள் போனால் அந்தப் பதில் மட்டும்தான் கண்ணில் படும், உங்களுக்கென்று ஒரு கேள்வி எழவே எழாது, கேள்வி இல்லாமல் மேசைக்குப் போனால் மூன்று மணி நேரமும் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அக்வினாஸுக்கு மட்டும் தனி வழி

அவருடைய பெரிய இறையியல் நூலான ‘சும்மா தியோலோஜியே’யைத் திறந்ததும் பலர் மிரண்டு போவது, அது மேலிருந்து கீழாகப் படிக்கும் நூல்போல் தோன்றுவதால். ஒவ்வொரு பகுதியும் பழைய பல்கலைக்கழக விவாதத்தின் வடிவில் இருக்கிறது. முதல் பாகம், இரண்டாம் கேள்வி, மூன்றாம் பகுதியை எடுங்கள்: கடவுள் இருக்கிறாரா? முதலில் மறுப்புகள் வருகின்றன. உலகில் தீமை இருக்கிறதே என்பது ஒன்று. இயற்கையையும் மனித அறிவையும் வைத்தே எல்லாவற்றையும் விளக்க முடிகிறபோது கடவுள் எதற்கு என்பது இன்னொன்று. அதற்குப் பிறகு ‘இதற்கு மாறாக’ என்று யாத்திராகமம் 3-லிருந்து "இருக்கிறவராக இருக்கிறேன்" என்ற வசனம். பிறகு ‘நான் சொல்லும் விடை’ என்று அவருடைய ஐந்து வழிகள். கடைசியில் ஒவ்வொரு மறுப்புக்கும் பதில்.

என் யோசனை இதுதான்: கேள்வியைப் படித்ததும் விடையைப் படியுங்கள். அப்புறம் முதல் மறுப்புக்குப் போய், அதன் பதிலைச் சேர்த்துப் படியுங்கள், பிறகு இரண்டாவது. பழகியதும் அவர் எழுதிய வரிசைக்கே திரும்பிவிடுங்கள், ஏனென்றால் மறுப்பை முதலில் வைத்ததில் ஒரு காரணம் இருக்கிறது. எதிராளியின் வாதத்தை அவன் சொல்வதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் அவர் வாயைத் திறக்கிறார். எழுநூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு துறவி, இன்றைக்கு நாத்திகர்கள் கேட்கும் அதே இரண்டு கேள்விகளைத் தன் புத்தகத்தில் முதலில் உட்காரவைத்திருக்கிறார் என்பதை விசுவாசக் குடும்பத்தில் வளர்ந்த ஒருவர் முதல்முறை பார்க்கும்போது பயம் கொஞ்சம் போய்விடும்.

ஏன் வரிசையாகப் படிக்கிறோம்

பிடித்ததை மட்டும் பொறுக்கிப் படித்தால் என்ன என்று கேட்பார்கள். படிக்கலாம். ஆனால் இந்த நூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது காதில் விழாது. வெர்ஜிலின் ஈனியட் நான்காம் காண்டத்தில், கணவனை இழந்த அரசி தீதோ, கதைநாயகன் ஈனியஸைப் பார்த்துவிட்டுத் தன் சகோதரியிடம், பழைய நெருப்பின் தடத்தை உணர்கிறேன் என்கிறாள். அவன் அவளை விட்டுப் போகிறான், அவள் சாகிறாள். நானூறு ஆண்டு கழித்து அகஸ்டின் கன்ஃபெஷன்ஸ் முதல் நூலில், பள்ளிக்கூடத்தில் தீதோவின் சாவுக்காக அழுதேனே, கடவுளைவிட்டு விலகிச் செத்துக்கொண்டிருந்த எனக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று எழுதுகிறார். இன்னும் தொள்ளாயிரம் ஆண்டு கழித்து தாந்தே எழுதிய டிவைன் காமெடி. நரகம் முழுக்க, உத்தரிக்கும் ஸ்தலம் முழுக்க வெர்ஜில்தான் அவருக்கு வழிகாட்டி. உத்தரிக்கும் ஸ்தலத்தைப் பற்றிய புர்கதோரியோ பாகத்தின் முப்பதாம் பாடலில், தாந்தே காதலித்த பியாட்ரிஸ் வந்து நிற்கிறாள். தாந்தே ஒரு குழந்தை அம்மாவிடம் திரும்புவதுபோல் வெர்ஜிலிடம் திரும்பி, பழைய நெருப்பின் அடையாளங்களை அறிகிறேன் என்று சொல்லப் போகிறார், அதாவது வெர்ஜில் எழுதிய வரியையே வெர்ஜிலிடம். திரும்பினால் வெர்ஜில் அங்கே இல்லை.

இந்த ஒரு இடத்துக்காகவே ஈனியடை முன்னால் படித்திருக்க வேண்டும். கிறிஸ்துவுக்கு முன் பிறந்த அந்தக் கவிஞன் அதற்கு மேல் வர முடியாது என்பது தாந்தேயின் இறையியல், ஆனால் அவன் இல்லாமல் போனதற்காக அழுவது தாந்தேயின் மனசு. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கிறது. எங்கள் மேசையில் அன்றைக்கு யாரும் எழுந்து போக மனம் வராமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மேசையில்

கேள்வி கேட்பது எப்படி என்று ஒரு உதாரணம் காட்டுகிறேன். இலியட் 24-ஆம் காண்டம். கிழவன் பிரியாம், தன் மகன் ஹெக்டரைக் கொன்ற அகிலீஸின் கூடாரத்துக்கு இரவில் வந்து, மகன்களைக் கொன்ற அந்தக் கைகளை முத்தமிட்டு, உன் அப்பாவை நினைத்துப் பார் என்கிறான். இருவரும் அழுகிறார்கள். இதைப் படித்துவிட்டு, "ஹோமர் மன்னிப்பைப் பற்றி என்ன சொல்கிறார்?" என்று கேட்டால் பேச்சு பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிடும், ஆளாளுக்கு மன்னிப்பைப் பற்றித் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்வார்கள். "இருவரும் சேர்ந்து அழுகிறார்கள், ஆனால் பிரியாம் ஹெக்டருக்காக அழுகிறான், அகிலீஸ் தன் அப்பாவுக்காகவும் நண்பன் பத்ரோக்ளஸுக்காகவும் அழுகிறான், அப்படியென்றால் ஒருவரையொருவர் புரிந்துகொண்டார்களா இல்லையா?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லோரும் புத்தகத்தைத் திறப்பார்கள். அகிலீஸ் மன்னித்தான் என்று யாராவது சொன்னால், கொஞ்ச நேரத்தில் அவனே கிழவனிடம் என்னைச் சீண்டாதே என்று சீறுவதை இன்னொருவர் காட்டுவார். ஒவ்வொரு அமர்வுக்கும் இப்படி ஒரு கேள்வியோடு போங்கள், வரி எண்ணோடு.

பேசத் தயங்குகிறவர்களுக்கு: முதல் அரை மணிக்குள் ஏதாவது ஒன்று சொல்லிவிடுங்கள், "இந்த வரியைச் சத்தமாக வாசிக்கலாமா?" என்பதாக இருந்தாலும் சரி. நேரம் போகப் போக வாய் திறப்பது கஷ்டமாகும். பெரியவர்கள் முன்னால் மறுத்துப் பேசக் கூடாது என்று வளர்ந்த நமக்கு, ஆசிரியரிடம் "எனக்கு அப்படித் தோன்றவில்லை, இந்த இடத்தில் வேறு மாதிரி இருக்கிறது" என்று சொல்வது முதலில் துடுக்காகத் தோன்றும். அங்கே அது துடுக்கு இல்லை, அதற்காகத்தான் உட்காரவைத்திருக்கிறார்கள். அதிகம் பேசுகிறவர்களுக்கு: உங்களுக்கு முன் பேசியவர் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளும்படி ஒரு முறை திருப்பிச் சொல்லிவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். பாதி நேரம் உங்கள் கருத்து தேவையே படாது.

பிரசங்கமாக்கிவிடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் எல்லா நூலுக்கும் ஒரு சுலபமான முடிவு கையில் தயாராக இருக்கும்: ஹோமருக்குக் கிறிஸ்து தெரியாது, பிளேட்டோ பாதி தூரம் வந்தார், நீட்சே வழிதவறினார், ஆமென். இதைச் சொல்லிவிட்டால் அந்த நூல் வாயடைத்துப் போகும், நீங்களும் ஒன்றும் கற்றிருக்க மாட்டீர்கள். நூல் சொல்வதை முழுக்கக் கேட்பதற்கு முன்பே அதற்குப் பதில் சொல்வது விசுவாசம் இல்லை, அவசரம்.

இது சபைக்குப் புதிய பிரச்சினையும் இல்லை. ஏதென்ஸுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் கேட்டார். அகஸ்டினோ, எகிப்தைவிட்டு வரும்போது இஸ்ரவேலர் எகிப்தியரின் பொன்னை வாங்கி வந்ததுபோல் புறமதத்தாரின் நூல்களில் உள்ள உண்மையை எடுத்துக்கொள்ளலாம் என்றார். பவுல் ஏதென்ஸில் நின்று "உங்கள் புலவர்களிலும் சிலர்" என்று சொல்லி மேற்கோள் காட்டிய வரி கிரேக்கக் கவிஞர் அராத்தஸுடையது. படிக்காமல் அதைச் சொல்லியிருக்க முடியாது.

உண்மையிலேயே விசுவாசம் ஆட்டம் காணும் நாள் வரலாம். பெரும்பாலும் அது நீட்சேயால் வராது, கரமாசவ் சகோதரர்களில் ஐந்தாம் நூலில் இவான் குழந்தைகள் படும் சித்திரவதைகளைச் சொல்லி, அந்த விலைக்கு எனக்கு அந்த நித்திய இசைவு வேண்டாம், டிக்கெட்டைத் திருப்பித் தருகிறேன் என்கிற இடத்தில் வரும். அதை எழுதியவர் ஒரு கிறிஸ்தவர். அன்றைக்கு ராத்திரியே பதில் கண்டுபிடித்தாக வேண்டும் என்று தேடாதீர்கள். நம்பிக்கையான ஒரு ஆசிரியரிடமோ உங்கள் போதகரிடமோ சாமியாரிடமோ மறைக்காமல் பேசுங்கள், புத்தகத்தைக் கடைசிவரை படியுங்கள், ஆலயத்துக்குப் போவதை நிறுத்தாதீர்கள்.

கட்டுரையும் வாய்மொழித் தேர்வும்

கட்டுரை சின்னதாகத்தான் கேட்பார்கள். ஒரு நூலில் ஒரே ஒரு இடத்தை எடுங்கள். ‘அகஸ்டினின் பாவக் கோட்பாடு’ என்று எழுதப்போனால் ஒன்றும் தேறாது. பதினாறு வயதில் பேரிக்காய் திருடியதற்கு, அதையும் பெரும்பாலும் பன்றிக்குப் போட்டதற்கு, ஏன் இரண்டாம் நூலில் இத்தனை பக்கம் செலவழிக்கிறார் என்று கேட்டால் கட்டுரை தானாக நகரும். வேறு ஆய்வாளர்களை மேற்கோள் காட்டச் சொல்லாவிட்டால் காட்ட வேண்டாம்.

பருவ முடிவில் சில இடங்களில் டான் ராக் என்று ஒன்று உண்டு. டோரியில் அது ஆசிரியர்கள் முன் வாய்மொழித் தேர்வு. தாமஸ் அக்வினாஸ் கல்லூரியில் ஆசிரியர்கள் உங்கள் முன்னாலேயே உங்களைப் பற்றித் தங்களுக்குள் பேசுவார்கள், நீங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் தயாரிப்பு ஒன்றுதான்: அந்தப் பருவத்து நூல்களில் இரண்டு இரண்டாக எடுத்து, ஒன்றின் கேள்விக்கு இன்னொன்று என்ன சொல்லும் என்று நண்பரோடு நடந்துகொண்டே பேசிப் பாருங்கள்.

நேரமும் பின்தங்குவதும்

அமெரிக்கக் கணக்கில் வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வெளியே குறைந்தது இரண்டு மணி நேரம். இந்தப் படிப்பில் அது குறையவே குறையாது. முதல் வாரமே கடிகாரத்தை வைத்து இருபது பக்கம் படித்துப் பாருங்கள், கதைக்கு எவ்வளவு நேரம், தத்துவத்துக்கு எவ்வளவு நேரம் என்று தனித்தனியாக. அதை வைத்து வாரத்தைப் பிரியுங்கள். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருக்கிறவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்வரை வேலை பார்க்கலாம், ஆனால் முதல் பருவத்தில் அந்த 20-ஐயும் எடுக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் புத்தகத்தைத் தொடாமல் இருங்கள், பட்டியலில் உள்ள பைபிளில் அந்த ஓய்வுநாள் கட்டளையும் இருக்கிறது.

எல்லோரும் ஏதாவது ஒரு வாரம் பின்தங்குவார்கள். விட்டுப்போனதை முதலில் முடித்துவிட்டு வருகிறேன் என்று போனால் இந்த வாரத்து நூலும் போய்விடும். இந்த வாரத்தை முதலில் படியுங்கள், விட்டதை விடுமுறையில் பிடிக்கலாம். பாதிதான் படித்தேன் என்றால் அமர்வுக்கு முன்பே ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, படித்த பாதியைப் பற்றிப் பேசுங்கள். நடுப்பருவத்தில் விலகிவிடலாம் என்று தோன்றினால், இணையத்தில் போய் டிராப் பொத்தானை அழுத்துவதற்கு முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போங்கள். ஆனர்ஸ் பாடங்களுக்குக் கிரெடிட் அதிகம், அது போனால் எஃப்-1 இளநிலை மாணவருக்கு ஒரு பருவத்துக்குத் தேவையான 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கிவிட வாய்ப்பு இருக்கிறது, முன் அனுமதி இல்லாமல் இறங்கினால் விசா நிலையே சிக்கலாகும்.